தோற்றவர் சம்மதம்

சென்ற வாரம் நமது வகுப்பில் ஒரு பொதுத் தேர்தல் நடந்தது. 39 பிரஜைகள், ஒரே ஒரு ஸ்தானம், இரண்டு அபேட்சகர்கள். வகுப்புத் தலைமைக்கு நின்றவர்களில் ஒருவன், தினந்தோறும் மாலையில் நமது நோட்டுப் புத்தகக் கட்டை ஆசிரியர் அறைவரையில் சுமந்து வந்து கொடுக்கும் பையன். மற்றவள், மூன்றாவது பெஞ்சியில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் பெண்.

இந்தத் தேர்தலை நடத்தியவர் யார் என்று நேயர்கள் கேட்கலாம். நாமேதான்! சீட்டுக் கிழித்துக் கொடுத்ததும் நாம். அவற்றைச் சாக்பீஸ் பெட்டியில் வாங்கிக் கொண்டதும் நாம். ஆசிரியர் அறைக்குத் தனியே எடுத்துச் சென்று எண்ணியதும் நாம். எண்ணி முடித்ததும் சீட்டுகளைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வகுப்புக்குத் திரும்பி வந்து, பையனுக்கு 21, பெண்ணுக்கு 18 என்று முழங்கினோம். ஒரு சாரார் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"ஸார், சீட்டுகளை நாங்களும் ஒரு தடவை பார்க்கலாமா?"

நமக்குக் கோபம் வந்தது என்பதை ஒப்புக்கொண்டு விடுகிறோம். 22 வருஷமாக இதே பள்ளிக்கூடத்தில் சரித்திரம் கற்பித்து வருகிறோம். நம்மிடமா சந்தேகம்? "ஏன் அம்மா, நம்பிக்கை இல்லையா?" என்று சற்றுக் கடுமையாகவே கேட்டோம்.

"உங்களிடம் நம்பிக்கை இருக்கிறது, ஸார். ஆனால் எனக்கு வோட்டுப் போட்டவர்கள் கேட்டால் நான் என்ன சொல்வது?"

நல்ல வேளையாக மணி அடித்துவிட்டது. மணி அடித்ததே தவிர, கேள்வி நம்மை விடவில்லை. வீட்டுக்கு வந்து காப்பி சாப்பிடும்போதும் அது கூடவே உட்கார்ந்திருந்தது. யோசிக்க யோசிக்க, தேர்தல் சாஸ்திரம் முழுவதையும் அந்தப் பெண் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டாள் என்றே தோன்றிற்று.

ஒரு தேர்தலில் ஜயித்தவருக்கு எந்த அத்தாட்சியும் தேவையில்லை. எண்ணிக்கை சரிதான் என்று அவர் உடனே ஒப்புக்கொள்வார்! மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு கணக்குக் கேட்டவரை உலகம் கண்டதில்லை. அத்தாட்சி தேவைப்படுகிறவர் தோற்றவர். அவர் வீட்டுக்குத் திரும்பிப் போய்த் தமக்காக அலைந்தவர்களிடம், "நாம் தோற்றது வாஸ்தவந்தான், அடுத்த தடவை பார்ப்போம்" என்று சொல்லக் கூடியவராக இருக்கவேண்டும். அந்த ஒரு சொல்லை மனச்சாட்சியோடு சொல்லும் நிலையில் அவரை வைப்பதற்காகவே சர்க்காருக்குக் கட்டுப்படாத ஒரு தேர்தல் கமிஷன் தேசத்துக்கு வேண்டியிருக்கிறது.

வெள்ளைக்காரர் காலத்தில் நமக்கு அப்படிப்பட்ட ஸ்தாபனம் ஒன்றும் கிடையாது. 1935-ஆம் வருஷத்துச் சட்டப்படி நடந்த தேர்தல்களில் சொத்து உள்ளவர்களுக்கும், வரி கட்டுகிறவர்களுக்கும், படித்தவர்களுக்குமே பெரும்பாலும் வோட்டு. 1937-ல் சென்னை மாகாணத்தில் "மஞ்சள் பெட்டி" என்று ஊரெல்லாம் முழங்கிய கதையை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். காங்கிரஸின் பெட்டிக்கு மஞ்சள் வர்ணம். பெட்டிகளுக்கு வர்ணம் பலவாக இருந்தாலும், அவற்றைக் காத்து நின்ற உத்தியோகஸ்தர்கள் அனைவரும் ஒரே சர்க்காரின் சம்பளக்காரர்கள்தாம்.

சுதந்திர தேசத்தில் இப்படி இருக்கக் கூடாது என்று அரசியல் நிர்ணய சபை கருதியது. 1949-ஆம் வருஷம் ஜூன் 15-ந் தேதி டாக்டர் அம்பேத்கர் இது பற்றிய ஷரத்தைச் சபையில் கொண்டுவந்தார். முதலில் தயாரித்த நகலில் மாகாணங்களுக்குத் தனித்தனிக் கமிஷன்கள் என்று இருந்தது. அதை மாற்றி, தேசம் முழுவதற்கும் ஒரே கமிஷன் என்று அவர் பிரேரேபித்தார். காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னார். சில மாகாணங்களில், பெரும்பான்மையோரின் இனத்தையோ மொழியையோ பண்பாட்டையோ சேராத ஜனங்களை வோட்டர் ஜாபிதாவிலிருந்து ஒதுக்கிவைக்க முயற்சி நடப்பதாகப் புகார்கள் வந்திருந்தன. ஜாபிதாவை எழுதும் பேனா, அந்தந்த இடத்து மந்திரி சபையின் கையில் இருக்கலாகாது என்பது அவருடைய முடிவு.

அந்த விவாதத்தில் மிகவும் ரஸமான பகுதி ஒன்று உண்டு. ஷிப்பன்லால் சக்ஸேனா என்ற அங்கத்தினர் எழுந்து, "கமிஷனரை நியமிப்பது யார்?" என்று பிடித்துக்கொண்டார். ராஷ்டிரபதி நியமிப்பார் என்றால், மந்திரி சபையின் யோசனைப்படி நியமிப்பார் என்றுதானே அர்த்தம்? ஆகவே, பார்லிமெண்டின் இரு சபைகளும் கூடி மூன்றில் இரண்டு பங்கு வோட்டுகளால் அந்த நியமனத்தை ஊர்ஜிதம் செய்யவேண்டும் என்றார். பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ருவும் சர்க்காரின் செல்வாக்கைப் பற்றிய தம் கவலையைத் தெரிவித்தார். அம்பேத்கர் இந்த ஆட்சேபத்தை அலட்சியம் செய்யவில்லை. தகுதியற்றவரோ, நேர்மையற்றவரோ, சர்க்காரின் கைக்கு அடங்கியவரோ அந்தப் பதவியில் வந்து உட்காருவதைத் தடுக்க ஏற்பாடு இல்லாவிட்டால், பதவிக்காலத்தை மட்டும் பத்திரப்படுத்துவதில் பயனில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். கடைசியில், பார்லிமெண்டு இயற்றும் சட்டத்துக்கு உட்பட்டு ராஷ்டிரபதி நியமிப்பார் என்று ஷரத்து அமைந்தது. அந்தச் சட்டம் வருவதற்கு 2023-ஆம் வருஷம் வரையில் தேசம் காத்திருந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறோம்.

1950 ஜனவரி 25-ந் தேதி, குடியரசு பிறப்பதற்கு ஒரு நாள் முன்னதாகவே, கமிஷன் பிறந்துவிட்டது. குழந்தைக்கு முன் மருத்துவச்சி வந்து காத்திருந்த மாதிரி! முதல் பிரதம கமிஷனராக அந்த வருஷம் மார்ச்சு மாதம் பதவி ஏற்றவர் ஸ்ரீ சுகுமார் சென். வங்காளத்து ஐ. ஸி. எஸ். உத்தியோகஸ்தர், கணித சாஸ்திரம் கற்றவர். அவருக்கு வாய்த்த கணக்கோ எந்தச் சர்வகலாசாலையிலும் போடாத கணக்கு. ஏறக்குறைய 17 கோடியே 30 லட்சம் வோட்டர்கள். தேசத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர். ஆகவே ஒவ்வோர் அபேட்சகருக்கும் ஒரு சின்னம். சின்னம் ஒட்டிய தனித்தனி இரும்புப் பெட்டி. இரண்டாந்தரம் வருகிறவரைக் கண்டுபிடிக்க விரலில் அழியாத மை. 1951 அக்டோபர் 25-ந் தேதி தொடங்கி 1952 பிப்ரவரி வரையில் வோட்டுப் பதிவு நடந்தது.

அந்த முயற்சியில் ஒரு பெரிய குறை நேர்ந்தது. நம் பாட்டிமார்கள் கணவரின் பெயரைச் சொல்லமாட்டார்கள் அல்லவா? வடக்கே சில ராஜ்யங்களில் ஸ்திரீகள் அந்நியரிடம் தங்கள் சொந்தப் பெயரையே சொல்லவில்லை. "இன்னாரின் மனைவி", "இன்னாரின் மகள்" என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள் கணக்கெடுத்தவர்கள். சென் இதற்கு இணங்கவில்லை. பெயர் இல்லாத வோட்டரின் வோட்டை யார் வேண்டுமானாலும் வந்து போட்டுவிடலாம். சொந்தப் பெயரைப் பெற்று வரும்படி மறுபடியும் ஆட்களை அனுப்பினார். அப்படியும் பெயர் கிடைக்காத ஏறக்குறைய 28 லட்சம் ஸ்திரீகள் ஜாபிதாவிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

28 லட்சம் தாய்மார்களுக்கு வோட்டு இல்லாமற் போனது சாமானிய விஷயமல்ல. அந்த முடிவு சரிதானா என்று இன்றும் வாதாடலாம். ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. இந்தக் குறையைக் கமிஷன் மூடி மறைக்கவில்லை. முதல் தேர்தலைப் பற்றிய தன் அறிக்கையிலே அதைப் பதிவு செய்து வைத்தது. அதனால்தான் இன்றைக்கு நாமும் அதைப் பற்றி எழுத முடிகிறது. தன் குறையைத் தானே எழுதி வைக்கும் ஸ்தாபனத்தை, அதனால் நஷ்டம் அடைந்தவனும் ஒருவாறு நம்புவான்.

இதே விஷயம் சமீபத்திலும் தலையெடுத்தது. 2025-ல் பீஹாரில் கமிஷன் வோட்டர் ஜாபிதாவைத் தீவிரமாகத் திருத்தி அமைத்தபோது, ஆகஸ்டு மாதம் வெளியான நகலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் விட்டுப் போயிருந்தன. இறந்தவர்கள், குடிபெயர்ந்தவர்கள், இரண்டிடத்தில் பதிவானவர்கள் என்று கமிஷன் காரணம் சொல்லிற்று. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. விட்டுப்போன ஒவ்வொரு பெயரையும், விட்டதற்குரிய காரணத்தோடு, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடவேண்டும் என்று ஆகஸ்டு 14-ந் தேதி கோர்ட்டார் உத்தரவிட்டார்கள். ஜாபிதாவைத் திருத்துவது கமிஷனின் கடமை. அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் பெயர் போனவனுக்கு, ஏன் போயிற்று என்று கேட்கு முன்பே பதில் தெரியவேண்டும். கேட்ட பிறகு சொல்வது, நாம் வகுப்பில் கோபித்துக்கொண்ட மாதிரிதான்.

சீட்டு விஷயத்திலும் தேசம் அந்தப் பெண்ணின் கேள்வியையே கேட்டிருக்கிறது. வோட்டு யந்திரங்கள் வந்து, 2004-ல் தேசமெங்கும் பொதுத் தேர்தல் யந்திரத்தாலேயே நடந்தது. பொத்தானை அமுக்கினால் உள்ளே என்ன பதிவாயிற்று என்று எப்படித் தெரியும் என்று பலர் கேட்டார்கள். நம்பிக்கைக்குக் காகிதச் சீட்டு இன்றியமையாதது என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறிற்று. இப்பொழுது வோட்டர் தாம் போட்ட சின்னத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி நேரம் சீட்டில் பார்க்கிறார். ஒவ்வொரு சட்டசபைத் தொகுதியிலும் சீட்டுப் போட்டு எடுத்த 5 சாவடிகளின் சீட்டுகளை எண்ணி, யந்திரக் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரலில் கோர்ட்டார் மறுத்துவிட்டார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே, இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வந்த அபேட்சகர்கள் கேட்டால், யந்திரங்களில் நூற்றுக்கு 5 வீதம் பொறுக்கி எடுத்துச் சோதித்துக் காட்டவேண்டும் என்றும் விதித்தார்கள். இந்த உரிமை ஜயித்தவருக்கு அல்ல, தோற்றவர்களுக்கு என்பதைப் பாருங்கள்.

இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்யக் கமிஷனுக்குச் சொந்தப் பட்டாளம் ஏதேனும் உண்டா என்றால், இல்லை. தேர்தல் காலத்தில் வேண்டிய சிப்பந்திகளை ராஷ்டிரபதியும் கவர்னர்களும் கொடுத்துதவ வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்லுகிறது. அப்படிக் கொடுக்கப்படும் சிப்பந்திகளில் பெருந்தொகையினர் யார்? நம்மைப் போன்ற வாத்தியார்கள்தாம்!

நாமும் பல தேர்தல்களில் சாவடித் தலைமை அதிகாரியாக இருந்திருக்கிறோம். முதல் நாள் யந்திரத்தையும் காகிதங்களையும் பெற்றுக்கொண்டு, முன்பின் அறியாத ஊரின் பள்ளிக்கூடத்தில் பெஞ்சிகளை ஒன்று சேர்த்துப் படுத்து, கொசுக்களோடு இரவைக் கழித்து, விடியுமுன் எழுந்துவிட வேண்டும். கட்சி ஏஜெண்டுகள் வந்ததும், அவர்கள் எதிரில் குறைந்தது 50 வோட்டுகளாவது போட்டு ஒத்திகை பார்த்து, கணக்குச் சரியாக வருகிறதென்று காட்டி, அதை அழித்துவிட்டு, முத்திரைக் காகிதத்தில் அவர்களுடைய கையெழுத்தையும் வாங்கி முத்திரை வைக்கவேண்டும். மாலையில், மொத்தம் எத்தனை வோட்டு பதிவாயிற்று என்ற கணக்கின் பிரதியை நமது கையெழுத்துடன் ஒவ்வோர் ஏஜெண்டிடமும் கொடுக்கவேண்டும்.

இத்தனை சடங்குகள் எதற்கு என்று நாம் அந்தக் காலத்தில் அலுத்துக்கொண்டது உண்டு. இப்பொழுது விளங்குகிறது. அந்தக் கணக்குப் பிரதியைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போகிறவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்களெல்லாம் தோற்கப் போகிறவர்கள். எண்ணும் இடத்தில் சொல்லும் தொகையும் தம் பையில் இருக்கும் தொகையும் ஒன்றாயிருந்தால், அவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிடுகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. தேர்தல் அறிவிப்பு வந்த நாள் முதல் முடிவு வெளியாகும் வரையில், இந்த வேலையில் ஈடுபட்ட உத்தியோகஸ்தர்கள் கமிஷனின் மேற்பார்வைக்கும் ஒழுங்குக் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டவர்கள் என்று சட்டம் சொல்லுகிறது. சம்பளம் கொடுப்பது சர்க்கார். ஆனால் அந்தச் சில நாட்களுக்கு மந்திரியின் கண் ஜாடைக்கு நாம் பயப்பட வேண்டியதில்லை. கமிஷனின் சுதந்திரம் டில்லியிலுள்ள பெரிய கட்டிடத்தில் மட்டும் இருக்கவில்லை. ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில், "இப்படிச் செய்தால் சட்ட விரோதம், ஐயா" என்று உள்ளூர்ப் பெரிய மனிதரிடம் ஒரு வாத்தியாரோ வாத்தியாரம்மாளோ சொல்லத் துணிவதில் இருக்கிறது. மேலே இருப்பவர் அசையமாட்டார் என்ற தைரியம் இருந்தால்தான் கீழே இருப்பவருக்கு அந்த வாய் வரும்.

இந்த ஏற்பாட்டின் பலனை நம் நாடு கண்டிருக்கிறது. 1967-ல் மத்தியிலும் சென்னை ராஜ்யத்திலும் காங்கிரஸ் சர்க்காரே இருந்தது. அந்தத் தேர்தலில் காமராஜர் தம் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றார். ஜனங்களின் தீர்ப்பைத் தலைவணங்கி ஏற்றுக்கொண்டார். 1977-ல், அவசர நிலைமைக்குப் பிறகு நடந்த தேர்தலில், பிரதம மந்திரி இந்திரா காந்தி ரேபரேலி தொகுதியில் தோற்று, பதவியை விட்டு இறங்கினார். இரண்டு தடவையும், தேர்தலை நடத்திய உத்தியோகஸ்தர்கள் தோற்ற கட்சியின் சர்க்காரிடம் சம்பளம் வாங்கியவர்கள்தாம்.

ஆனால் எல்லாக் காலமும் ஒன்றாக இராது. மத்தியஸ்தர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தே சட்டத்துக்கு உயிர் வருகிறது. 1990 முதல் 1996 வரையில் பிரதம கமிஷனராயிருந்த பாலக்காட்டுக்காரர் டி. என். சேஷன், புதிதாக அரசியல் சட்டம் எதையும் எழுதிக்கொண்டு வரவில்லை. நாற்பது வருஷமாகப் புத்தகத்தில் இருந்த அதே ஷரத்துக்களைத்தான் எடுத்து வீசினார். பெரிய பெரிய கட்சிகள் நடுங்கின. 1993-ல் சர்க்கார் அவருக்குப் பக்கத்தில் மேலும் இரண்டு கமிஷனர்களை உட்காரவைத்தது. அவர் கோர்ட்டுக்குப் போனார். மூவர் கமிஷன் செல்லும் என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஒருவருடைய மனோதிடத்தை மட்டும் தேசம் நம்பியிருக்கக் கூடாது என்பதும் நியாயந்தானே?

அப்படியானால் மூவரையும் பொறுக்குகிறவர் யார்? சக்ஸேனாவின் பழைய கேள்விக்கே வந்து சேருகிறோம். பிரதம கமிஷனரை விலக்க வேண்டுமானால், சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியை விலக்குவதற்கு என்ன பாடு படவேண்டுமோ அத்தனையும் படவேண்டும். வெளியே அனுப்பும் வாசலுக்கு அவ்வளவு பலமான தாழ்ப்பாள். உள்ளே அழைத்துவரும் வாசலிலோ எழுபது வருஷத்துக்கு மேலாக மந்திரி சபை ஒன்றே நின்றது. 2023 மார்ச்சு மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு, பார்லிமெண்டு சட்டம் செய்யும் வரையில், பிரதம மந்திரி, எதிர்க்கட்சித் தலைவர், பிரதம நீதிபதி ஆகிய மூவரின் யோசனைப்படி நியமனம் நடக்கவேண்டும் என்று விதித்தது. அவ்வருஷம் டிசம்பரில் பார்லிமெண்டு சட்டம் செய்தது. அதில் பிரதம நீதிபதிக்குப் பதிலாக, பிரதம மந்திரி குறிப்பிடும் ஒரு காபினெட் மந்திரி இடம் பெற்றார்.

மூவரில் இருவர் சர்க்கார் தரப்பு. சட்டம் செய்யப் பார்லிமெண்டுக்கு அதிகாரம் உண்டு என்பதில் சந்தேகமில்லை. மந்திரி சபையே நியமித்த நாட்களில்தான் சென்னும் சேஷனும் வந்தார்கள் என்று சொல்வாருக்கும் நாம் பதில் சொல்லவேண்டும். வாஸ்தவந்தான், நல்லவர்கள் வந்தார்கள், இனியும் வருவார்கள். ஆனால் நமது கேள்வி, கமிஷனர் நல்லவரா என்பதல்ல. அவர் நல்லவர் என்று தோற்றவர் எதைக் கொண்டு நம்புவது என்பதே. எதிர்க்கட்சித் தலைவர் ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் முடிவு ஒன்றுதான் என்றால், அவரை அழைத்து நாற்காலி போடுவதில் மரியாதை உண்டே தவிர, உத்தரவாதம் இல்லை. மூன்றாவது நாற்காலியில் இரு தரப்பையும் சேராத ஒருவர் உட்காரட்டும். அல்லது மூவரும் ஒருமனப்பட்டே நியமிக்கவேண்டும் என்று இருக்கட்டும். இன்றைக்கு ஆளும் கட்சி எதுவானாலும் நாளைக்கு அதுவும் தோற்கக் கூடியதே. அன்றைக்கு அதற்கும் ஒரு பதில் வேண்டியிருக்கும்.

எழுதிக்கொண்டு போனதில் நமது வகுப்பை மறந்துவிட்டோம் என்று நேயர்கள் நினைக்கவேண்டாம். மறுநாள் காலையில் முதல் வேலையாக ஆசிரியர் அறைக் குப்பைக் கூடையைத் தேடினோம். தெய்வாதீனமாகக் கூட்டுகிறவர் அன்று வரவில்லை. கசங்கின சீட்டுகளை நீவி எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனோம். பையன் தரப்பில் ஒருவரையும் பெண் தரப்பில் ஒருவரையும் மேஜையண்டை அழைத்தோம். ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து, வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டச் சொன்னோம். நாம் மட்டும் சற்றுத் தள்ளி, ஜன்னலோரம் நின்றோம்.

39 சீட்டுகளும் இருந்தன. பையனுக்கு 20, பெண்ணுக்கு 19. முதல் நாள் நாம் ஒரு சீட்டைத் தப்பாக எண்ணியிருக்கிறோம்! அறிந்து செய்த தவறல்ல. ஆனால் தவறு தவறுதான். வகுப்பு முழுவதும் கேட்கும்படி அதைச் சொன்னோம். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

முடிவு மாறவில்லை. அந்தப் பெண் மேஜையின்மீது பரப்பியிருந்த சீட்டுகளை ஒரு தடவை பார்த்தாள்.

"சரி, ஸார்" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது பெஞ்சியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.